ஒட்டுப்போர்வை டிரைவர்

சிவப்பு விழுந்தது. ஒரு கை கியரைத் தள்ளி நிறுத்தியது. மறு கை தலைக்கு மேலே போயிற்று. முன்கண்ணாடிக்கு மேல் வெயிலை மறைக்க ஒரு பஞ்சுத் தடுப்பு இருக்கிறதல்லவா, அதில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்து, மடியில் கிடந்த துணியில் ஒரு தையல், இன்னொரு தையல், மூன்றாவதில் பாதி. பச்சை விழுந்தது. ஊசி மறுபடியும் தடுப்பில் ஏறியது. அங்கிருந்து மடி வரைக்கும் நூல் சிலந்தி இழை மாதிரித் தொங்க, பஸ் நகர்ந்தது.

முன் இருக்கைப் பெண்களான எங்களுக்கு இது பழகிப்போன காட்சி. புதிதாக ஏறுகிறவர்கள்தான் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள்.

"ஐயையோ, என்னங்க இவரு தைக்கிறாரு!"

"பயப்படாதீங்கம்மா," என்று கண்டக்டர் சமாதானம் சொல்வார். "மாமா தைக்கறப்ப வண்டி நிக்கும். வண்டி ஓடறப்ப மாமா தைக்க மாட்டாரு. ரெண்டும் ஒண்ணா நடந்ததே இல்ல."

கண்டக்டர் அவருக்கு மனைவியின் தம்பி. அதனால் வாய்க்கு வாய் மாமாதான். மற்றவர்களுக்கெல்லாம் அவர் டிரைவர் அண்ணன்.

பார்த்தால் ஊசி பிடிக்கிற ஆள் மாதிரியே இருக்க மாட்டார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. தொப்பை ஸ்டியரிங்கை முட்டும். விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய்த் தடிமன். அந்த விரல்களுக்கிடையில் ஊசி போய்விட்டால் முனை மட்டும்தான் வெளியே தெரியும். ஹாரன் அடிப்பது மரியாதையில்லை என்று நினைப்பவர். தலையை வெளியே நீட்டி, "ஓரமா போ ராசா!" என்று ஒரு குரல் கொடுப்பார். அதற்கு ஹாரனே தேவலை என்று இருக்கும்.

இந்தப் பழக்கம் வந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் ஒரு சீட்டு கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறபோது ஒரு பிடி, வருகிறபோது ஒரு பிடி என்று பிய்த்துக்கொண்டு போனார்கள். டிப்போவில் சொன்னால், "பாக்கலாம், பாக்கலாம்" என்றார்கள். "அவங்க பாத்துக்கிட்டே இருந்தாங்க. சீட்டு வெறும் பலகையா போச்சு. ஒரு கோணி ஊசிய வாங்கியாந்து நானே தைச்சேன். தைச்சு முடிச்சப்புறம் கை சும்மா இருக்க மாட்டேங்குது. என்ன பண்றது?" என்றார், ஏதோ சளி பிடித்துக்கொண்டது போல.

அன்றிலிருந்து பயணிகளின் துணிமேல் அவருக்கு ஒரு கண். நாம் படியேறும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், சட்டையைப் பார்ப்பார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்க்கிற நான் ஒரு நாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினேன். மஞ்சள் பூப்போட்டது. கண்ணாடி வழியாகவே பார்த்துவிட்டார்.

"நல்லா இருக்கும்மா. எப்ப பழசாகும்?"

"அண்ணே, நேத்துதான் வாங்கினேன்!"

"பரவால்ல. நான் காத்திருக்கேன். வேற யாருக்கும் சொல்லிடாதீங்க."

இப்படிப் பலர் உடம்பிலிருக்கிற துணியை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். யாராவது ஒரு சட்டையைச் சில நாள் போடாவிட்டால் விசாரிப்பார். "அந்த நீலக்கோடு போட்ட சட்டையக் காணோமே? சௌக்கியமா?" என்று பாங்கியில் வேலை பார்ப்பவரிடம் ஒரு முறை கேட்டார். நான் நல்லா இருக்கேன் என்று அவர் சொல்ல, "உங்களக் கேக்கல சார், சட்டையக் கேட்டேன்," என்றார். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. அடுத்த வாரமே அந்தச் சட்டை காகிதத்தில் சுற்றப்பட்டு இன்ஜின் பெட்டிமேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

அவர் மனைவிக்கு இதில் கொஞ்சமும் பிடித்தமில்லை. வீட்டில் ஒரு துண்டுத் துணி நுழையக் கூடாது என்பது சட்டம். ஒரு நாள் பஸ்ஸில் வந்தபோது அந்த அம்மாள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தடுப்பில் மினுக்கிக்கொண்டிருந்த ஊசியைக் காட்டி, "பாத்துக்கோங்க, என் சக்களத்தி. எப்பவும் அவரு தலைக்கு மேலயேதான் இருப்பா," என்றார். டிரைவர் அண்ணன் நேராக ரோட்டையே பார்த்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

துண்டுகளை வழியெல்லாம் சிக்னலில் தைத்து, கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கிற நேரத்தில் ஒன்றோடு ஒன்று சேர்த்து, பஞ்சு வைத்து, வருஷத்துக்கு ஒரு போர்வை முடிப்பார். அந்தப் போர்வை அவருக்கில்லை. கடைசி நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பொதுத் தோட்டம் உண்டு. அக்கம்பக்கத்தவர்கள் ஆளுக்கொரு பாத்தியில் காய்கறி போடுகிறார்கள். அறுவடை முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் விழா. கூடிச் சாப்பிட்டு, யார் பூசணி பெரியது என்று சண்டை போட்டு, கடைசியில் குலுக்கல். சீட்டு விற்ற காசு தண்ணீர் மோட்டாருக்கு. பரிசு, இந்த ஒட்டுப்போர்வை.

கொடுத்ததோடு விட்டுவிடவும் மாட்டார். ஜெயித்தவர் வீட்டுக்கு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போய் எட்டிப் பார்ப்பார். ஒரு வருஷம் டீக்கடைக்காரருக்கு விழுந்தது. அவர் அதைக் கடையின் பின்வாசலுக்குத் திரையாக மாட்டிவிட்டார். "போர்வைன்னா போத்தணும்யா! அதுக்குக் குளிராதா?" என்று சண்டை பிடித்து, தன் காசில் ஒரு திரைச்சீலை வாங்கிக் கொடுத்துப் போர்வையைக் கட்டிலுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

இப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம் உண்டு. டிக்கெட் பரிசோதகர். ஒல்லியான, மடிப்புக் கலையாத மனிதர். அவருக்கும் தோட்டத்தில் ஒரு பாத்தி இருக்கிறது. அதில் முள்ளங்கிகூட வரிசை தப்பி முளைக்காது. நம் கையிலிருக்கிற டிக்கெட்டை வாங்கி, கட்டைவிரலால் ஓரத்தை ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். ஒரு நாள் திடீரென்று ஏறியவர், தடுப்பிலிருந்து தொங்கிய நூலைப் பார்த்துவிட்டார்.

"என்ன இது?"

"நூல் சார்."

"நூல்னு தெரியுது. இன்னொரு தடவை சிக்னல்ல ஊசியோட பாத்தேன், மேலிடத்துக்கு எழுதிடுவேன். அப்புறம் இந்த ரூட்டு உங்களுக்கு இல்ல."

அவர் சொன்னால் சொன்னதுதான். அதிலிருந்து அவர் தலை தெரிந்தால் போதும், கண்டக்டர் ஒரு விசில் கொடுப்பார், நூல் மறைந்துவிடும். "எல்லாரு சட்டையும் ஒரு நாள் பழசாகுது மச்சான். அந்த மனுஷன் சட்டை மட்டும் கிழியவே மாட்டேங்குதே," என்று டிரைவர் அண்ணன் பெருமூச்சு விடுவார். அந்தச் சாம்பல் நிறச் சீருடைமேல் அவருக்கு ரொம்ப நாளாக ஆசை.

போன அறுவடை விழாவில்தான் அந்தக் கூத்து நடந்தது.

விழாவன்று காலை நாங்கள் எல்லோரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். போர்வை முந்தின நாள் சாயங்காலமே முடிந்து மண்டபத்துக்குப் போய்விட்டது. தைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் சிவப்பு விழுந்ததும் பழக்க தோஷத்தில் கை மேலே போயிற்று. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

தடுப்பில் ஊசி இல்லை.

சட்டைப் பையைத் தடவினார். காலரைத் தடவினார். பச்சை விழுந்து பின்னால் வண்டிகள் கத்துவதுகூட அவர் காதில் விழவில்லை.

"என்னண்ணே?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டரையும் என்னையும் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். நேற்றுச் சாயங்காலம் கடைசி மூலையையும் ஒரு சிக்னலில்தான் முடித்திருக்கிறார். முடிச்சுப் போட்டு, பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். அந்த நேரம் பார்த்துப் பச்சை விழுந்தது. பின்னால் ஒரு கார்க்காரன் ஹாரனை விடாமல் அமுக்கினான். கையிலிருந்த ஊசியை அவசரத்தில் எங்கேயோ குத்தினார். தடுப்பில் குத்தியதாகத்தான் நினைப்பு. இங்கே வந்து நின்றதும் விழாக்காரர்கள் போர்வையை வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.

"எப்பவும் நூல் இருக்கும்மா, ஊசி எங்கிருக்குன்னு காட்டிக் குடுத்துடும். நேத்து நூலை அறுத்துட்டேனே!"

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா," என்றார் கண்டக்டர். "சக்களத்தி ஓடிப்போயிட்டான்னு ஊருக்கே விருந்து வெச்சுடும்."

டிரைவர் அண்ணன் சிரிக்கவில்லை. மூன்று பேருமாகப் பஸ்ஸைச் சலித்துத் தேடினோம். நான் முழங்காலில் நின்று சீட்டுக்கடியெல்லாம் கூட்டிப் பார்த்தேன். கடலைத் தோலும் ஒற்றைக் கம்மலும் கிடைத்தன. ஊசி கிடைக்கவில்லை.

"அப்ப அதுக்குள்ளதான் இருக்கு," என்றார். "பஞ்சுக்குள்ள பூந்திருக்கும். யார் மேலயாவது குத்திச்சுன்னா?"

மண்டபத்துக்கு ஓடினோம். போர்வை மேடைக்குப் பின்னால் சுவரில் உயரமாகத் தொங்கியது. என்ன அழகு! பாங்கிக்காரரின் நீலக்கோடு, என் பழைய ஏப்ரனின் கட்டம், கண்டக்டரின் கல்யாணச் சட்டை, எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, பஸ்ஸில் நாங்கள் உட்கார்ந்திருப்பது போலவே. தோட்டத்துச் செயலாளர் அம்மாள் அதற்குக் கீழே காவல் நின்றார்.

"அம்மா, கொஞ்சம் கீழ இறக்கிக் குடுங்க. ஒரு வேலை பாக்கி."

"குலுக்கல் முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுங்க. போன வருஷம் தொட்டுத் தொட்டுப் பாத்து எண்ணெய்க் கையைத் தேய்ச்சு வெச்சுட்டாங்க. நீங்கதான அப்ப கத்துனீங்க?"

அவர் சொன்னதும் உண்மைதான். ஊசி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று டிரைவர் அண்ணன் வாயைத் திறந்தார். அப்போதுதான் செயலாளர் அம்மாளுக்குப் பின்னால் நின்றவர் அவர் கண்ணில் பட்டார். பரிசோதகர். யாருக்கும் சாயாத ஆள் என்று அவரைத்தான் சீட்டெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

ஊசி என்று சொன்னால், எங்கே வைத்துத் தைத்தாய் என்று கேட்பார். சிக்னலில் என்று சொன்னால் ரூட்டு போயிற்று. இந்த ரூட்டு போனால் எங்கள் டிரைவர் அண்ணனும் போனார். நான் ஒரு ஓரமாக நின்று ஆண்டவனை வேண்டிக்கொண்டேன்: அந்த டீக்கடைக்காரருக்கே மறுபடியும் விழட்டும், திரையாகவே தொங்கிவிட்டுப் போகட்டும்.

ஆண்டவன் வேறு கணக்கு வைத்திருந்தான். பரிசோதகர் பானைக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்து, வழக்கம்போல ஓரத்தைத் தடவிப் பார்த்து, வாசித்தார். கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு கூவல். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். வயிற்றுப் பிள்ளையோடு எங்கள் பஸ்ஸில் வந்துபோன பெண்தான்; அவளுக்காக டிரைவர் அண்ணன் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் பஸ்ஸை நடக்க வைத்து ஓட்டுவார். இப்போது பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, பாப்பாவுக்கு உங்க போர்வை!" என்று மேடைக்கு ஓடி வந்தாள்.

போர்வையை இறக்கி டிரைவர் அண்ணன் கையில் கொடுத்தார்கள். ஜெயித்தவருக்கு அவர்தான் கொடுக்க வேண்டும், வழக்கம் அது. அவர் வாங்கினார். கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு விரல்களால் அமுக்கி அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

செயலாளர் அம்மாள் ஒலிபெருக்கியைப் பிடித்து உருகிவிட்டார். "பாருங்க! பெத்த பிள்ளையைப் பிரியிற மாதிரி தடவிக் குடுக்கிறாரு!" கூட்டம் கைதட்டியது. கொஞ்ச நேரத்தில் கைதட்டல் ஓய்ந்தது. அவர் இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"குடுக்க மனசு வரலையோ?" என்று ஒரு குரல்.

"குடுத்துடுங்கண்ணே, பாவம், கைப்பிள்ளைக்காரி!"

கண்டக்டருக்குத் தெரியும், ஏன் என்று. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "மாமா, எங்க அக்காவக் கட்டிக் குடுக்கறப்ப எங்கப்பாகூட இப்படிப் பிடிச்சு வெச்சுக்கல!"

மண்டபம் அதிரச் சிரித்தார்கள். சத்தத்தில் பிள்ளை விழித்து அழுதது. அந்தப் பெண் சமாதானப்படுத்த, போர்வையின் ஒரு நுனியை இழுத்துப் பிள்ளையின் முதுகில் போடப் போனாள்.

"போடாத தங்கச்சி!"

ஹாரனே தேவலை என்று சொன்னேனே, அந்தக் குரல். மண்டபம் அடங்கியது. டிரைவர் அண்ணன் போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒலிபெருக்கியைக்கூடத் தேடாமல் சொன்னார்:

"உள்ள ஊசி இருக்கு. நான்தான் விட்டுட்டேன். என் தப்பு."

பிறகு, யாரும் கேட்பதற்கு முன்னால், பரிசோதகர் பக்கம் திரும்பினார். "சிக்னல்ல தைச்சேன் சார். சிவப்புலதான் சார். பச்சை விழுந்த அவசரத்துல தடுப்புல குத்தறதுக்குப் பதிலா இதுல குத்திட்டேன். எழுதறதுன்னா எழுதிக்கோங்க. முதல்ல இதைத் தேடி எடுத்துடறேன்."

பரிசோதகர் காய்கறி அடுக்கியிருந்த மேசைகளைக் காட்டினார். "இதையெல்லாம் எடுங்க. விரிச்சுப் போடுங்க."

பூசணிகள் தரைக்கு இறங்கின. மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் போர்வையை விரித்தோம். பஸ்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டோம்.

"என் சட்டைய நான் பாத்துக்கறேன்," என்றார் பாங்கிக்காரர்.

"அந்த ஏப்ரன் என்னுது, தள்ளுங்க," என்றேன் நான்.

"இது யாரோட பாவாடை? கேப்பாரில்லாம கெடக்கு."

"ஊருக்குப் போயிருக்காங்க. அதையும் நானே பாக்கறேன்."

ஆளுக்கொரு துண்டு. போட்டுத் தேய்ந்து, துவைத்து வெளுத்த நம் துணி நம் விரலுக்குத் தெரியாதா? என் ஏப்ரனின் பழைய குழம்புக் கறைகூட அங்கேயே இருந்தது. தடவித் தடவி வந்தோம். ஊசி அகப்படவில்லை. பரிசோதகருக்கு மட்டும் அந்தப் போர்வையில் துண்டு இல்லை. கொஞ்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு, துண்டுகளெல்லாம் முடிகிற ஓரப் பட்டையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நடந்தார், டிக்கெட்டைத் தடவுவது போல.

"ஆ!"

அவர் வாயிலிருந்து அப்படியொரு சத்தம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தார். நுனியில் ஒரு சொட்டு ரத்தம். பட்டைக்குள்ளிருந்து ஊசியை மெதுவாக இழுத்தார்.

"சார் டிக்கெட் எடுக்காத ஆளைப் புடிச்சுட்டாரு!" என்று கண்டக்டர் கத்தினார்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. பரிசோதகரின் மீசைக்கடியிலும் ஏதோ அசைந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. ஆனால் அவர் ஊசியைத் திருப்பித் தரவில்லை. தன் காலருக்கு உள்பக்கம் குத்திக்கொண்டு, "இது என்கிட்ட இருக்கட்டும்," என்றார்.

டிரைவர் அண்ணன் தலையாட்டினார். அதற்குப் பிறகும் போர்வையை உடனே கொடுத்துவிடவில்லை. சட்டைக் கையை மடித்து விட்டு, வெறும் முழங்கையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். திருப்பிப் போட்டு மறுபடியும் தேய்த்தார். அப்புறம்தான் பிள்ளைமேல் அவரே போர்த்தினார். அது ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போயிற்று.

அதற்குப் பிறகு பஸ்ஸில் நாங்கள் பட்ட பாடு! சிவப்பு விழும். அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு நேராகப் பார்ப்பார். விரல் மட்டும் ஸ்டியரிங் உறைமேல் ஊசி இல்லாமலே தைத்துக்கொண்டிருக்கும். வேறு ஊசி வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "அவரு ஒண்ணும் சொல்லலியேம்மா. அவரு சொல்லட்டும்," என்றார். இன்று எழுதுவாரா, நாளை எழுதுவாரா என்று நாங்களும் காத்திருந்தோம். மாற்றல் உத்தரவு வரவில்லை. பரிசோதகரும் வரவில்லை.

போன வாரம் ஏறினார். கண்டக்டரின் விசில் பாதியில் நின்றது. பின்னாலிருந்து ஒவ்வொரு டிக்கெட்டாகப் பார்த்துக்கொண்டே முன்னால் வந்தார். கட்டைவிரலில் ஊசி குத்திய இடம் ஆறியிருந்தது. தடுப்பை நிமிர்ந்து பார்த்தார். வெறுமையாக இருந்தது. கடைசி நிறுத்தம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் இறங்கினார்கள். நான் கூடையை எடுக்கிற சாக்கில் மெதுவாக எழுந்தேன்.

"இந்தப் பை," என்றார் பரிசோதகர். தன் சட்டைப் பையைக் காட்டினார். சாம்பல் நிறச் சீருடையில், பேனா குத்துகிற இடத்தில், தையல் விட்டு வாயைப் பிளந்திருந்தது. "கிழிஞ்சிடுச்சு."

டிரைவர் அண்ணன் அந்தக் கிழிசலைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பசித்தவன் சோற்றைப் பார்க்கிற பார்வை. ஆனால் கை நீளவில்லை.

பரிசோதகர் காலரைத் திருப்பி ஊசியை உருவினார். "சிக்னல்ல கூடாது. இங்க, வண்டி நின்னப்புறம்," என்று சொல்லிக்கொண்டே நீட்டினார்.

டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைத்தார். சாவியைக் கழற்றி முதலில் அவர் உள்ளங்கையில் வைத்தார். பிறகுதான் ஊசியை வாங்கிக்கொண்டார்.